தாய்கிட்ட இருந்து சீக்கிரம் பிரிஞ்ச குட்டி: எங்க செம்பிய வளர்த்த அனுபவம்

எங்க பக்கம் ஒரு பேச்சு உண்டு, நாய்க்குட்டிய கண்ணு தெறந்த கையோட தூக்கிட்டு வந்துடணும், அப்பத்தான் நம்மள ஒட்டும், தாய்கிட்ட ரொம்ப நாள் விட்டா நம்ம பேச்சு கேக்காதுன்னு. நாய் வளர்த்து பழகின பெரியவங்களே இத சொல்லுவாங்க. குட்டிக்கு கண்ணு தெறக்குறது பொறந்து 10லருந்து 14 நாளுக்குள்ள, காது சரியா கேக்க ஆரம்பிக்க இன்னும் ஒரு வாரம் ஆகும். ஒட்டுறது என்னவோ நிஜம்தான், அந்த வயசுல தூக்கிட்டு வந்த குட்டி நம்ம கால விட்டு நகராது. ஆனா நாலாவது வாரத்துல இருந்து எட்டாவது வாரம் வரைக்கும் தாயும் கூடப்பொறந்த குட்டிகளும் சேர்ந்து அதுக்கு ஒரு படிப்பு சொல்லித்தருது, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எப்ப விளையாட்ட நிறுத்தணும், பால் இல்லைன்னா எப்படி பொறுத்துக்கணும், படுக்குற இடத்த விட்டு தள்ளிப் போய் ஒண்ணுக்கு போறது எப்படின்னு. அந்த படிப்பு இல்லாம வந்த குட்டிய வளர்த்தா அது எல்லாத்தையும் நம்ம ஒண்ணொண்ணா சொல்லிக் குடுக்கணும். எங்க செம்பி விஷயத்துல அதத்தான் செஞ்சோம், அந்த அனுபவத்ததான் எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம், இது நிறைய பேருக்கு தெரியாது, நம்ம நாட்டுல 2017ல வந்த நாய் வளர்ப்பு விற்பனை விதிப்படி எட்டு வாரத்துக்கு கம்மியான குட்டிய பிரீடர், அதாவது குட்டி போட வச்சு விக்கிறவங்க, விக்கவே கூடாது. ஆனா 30 நாள் குட்டி, 25 நாள் குட்டின்னு வித்துக்கிட்டுத்தான் இருக்காங்க. இத்தாலியில 2011ல ஒரு ஆய்வு வெளியாச்சு, 140 வளர்ந்த நாய்கள எடுத்து, அதுல பாதி 30-40 நாள்லயே தாய விட்டுப் பிரிஞ்சது, பாதி ரெண்டு மாசம் இருந்து வந்தது, ரெண்டையும் ஒப்பிட்டு பாத்தாங்க. சீக்கிரம் பிரிஞ்ச நாய்கள்ல அதிகமா குரைக்கிறது, வெளிய நடக்கும்போது பயப்படுறது, பொருள கடிச்சு நாசம் பண்றது, சாப்பாட்டயும் பொம்மையையும் யாரையும் கிட்ட விடாம காக்குறது எல்லாமே கூடுதலா இருந்துச்சு. நான் இத செம்பி வந்த பிறகு படிச்சேன், படிக்க படிக்க எங்க வீட்ல நடக்குறத அப்படியே யாரோ எழுதி வச்ச மாதிரி இருந்துச்சு.

நாங்க இருக்கறது பாளையங்கோட்டை. ஐப்பசி மழை நேரம், தெரு முக்குல இருக்குற பலசரக்கு கடைக்கார அக்கா, பைக்ல வந்த ஒரு ஆளு ஒரு அட்டைப்பெட்டிய வச்சுட்டு போனதா கூப்பிட்டு சொன்னாங்க. உள்ள செம்மண் கலர்ல ஒரு பெட்டைக்குட்டி. பெட்டைன்னா வேண்டாம்னு இப்படி கொண்டு வந்து விடுறது எங்க ஊர்ல அடிக்கடி நடக்குது, எனக்கு அத நினைச்சாலே வயித்தெரிச்சலா இருக்கும். இங்க ஒண்ணு சொல்லணும், தெருவுல குட்டிய தனியா பாத்த உடனே தூக்கிட்டு வந்துடாதீங்க. தாய் இரை தேடி போயிருக்கும், கொஞ்சம் தள்ளி நின்னு ஒரு ரெண்டு மூணு மணி நேரம் பாருங்க, சுத்தி வேற குட்டி சத்தம் கேக்குதான்னு பாருங்க. தாய் இருந்துச்சுன்னா தாய்க்கு சோறு வைங்க, அதுதான் குட்டிக்கு செய்யுற பெரிய உதவி. செம்பிக்கு அந்த வழி இல்ல, எங்கருந்து வந்துச்சுன்னே யாருக்கும் தெரியல.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மறுநாள் காலையிலயே கொண்டு போனோம். டாக்டர் வாயத் தெறந்து பல்லப் பாத்துதான் வயசு சொன்னாங்க. கோரைப்பல்லு இப்பத்தான் முளைச்சிருக்கு, முன்பல்லு லேசா எட்டிப் பாக்குது, கடவாய் பக்கம் ஒண்ணும் இல்ல, அதனால ஒரு மூணரை நாலு வாரம் இருக்கும்னாங்க. கண்ணு இன்னும் அந்த நீலம் கலந்த கலர்ல இருந்துச்சு.

முதல் கொஞ்ச நாளுக்கு பயிற்சிய பத்தி எல்லாம் யோசிக்க வேண்டாம், உயிரோட இருக்கணும், அவ்வளவுதான். சின்னக் குட்டிக்கு உடம்புச் சூட்ட தானா காப்பாத்திக்க முடியாது, மத்த குட்டிகளோட ஒண்ணுமேல ஒண்ணு படுத்துத்தான் சூடு புடிக்கும். தனிக்குட்டிக்கு நம்மதான் சூடு குடுக்கணும். வெந்நீர் பாட்டில துண்டுல சுத்தி பெட்டியோட ஒரு பாதியில மட்டும் வைக்கணும், இன்னொரு பாதி சும்மா இருக்கணும், சூடு கூடுனா அது தள்ளிப் போய் படுத்துக்கும். உடம்பு சில்லுனு இருக்குற குட்டிக்கு பால் குடுக்கக் கூடாது, முதல்ல சூடு, அப்புறம்தான் தீனி, குளிர்ந்த வயித்துல செரிக்காது. துவண்டு போய் கிடந்துச்சுன்னா ஈறுல கொஞ்சம் குளுக்கோஸ் கரைச்சு தடவிட்டு நேரா டாக்டர்கிட்ட ஓடணும், சின்னக் குட்டிக்கு சர்க்கரை சட்டுனு எறங்கிடும்.

பால் விஷயம் கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா இதுலதான் நிறைய குட்டி போயிடுது. நாய்ப்பால்ல கொழுப்பு ஒரு 9 சதவீதம், புரதம் 7-8 சதவீதம் இருக்கும், பசும்பால்ல ரெண்டுமே 3-4 சதவீதம்தான், ஆனா லாக்டோஸ்ங்கிற பால் சர்க்கரை மட்டும் நாய்ப்பால விட ஜாஸ்தி. அதனால பாக்கெட் பால அப்படியே ஊத்துனா குட்டிக்கு வயித்தால போகும், நீர்ச்சத்து எறங்கும். தண்ணி கலந்து குடுத்தா இன்னும் மோசம், இருக்குற கொஞ்ச சத்தும் போயிடும். குட்டிக்குன்னே விக்கிற பால் பவுடர் மெடிக்கல்லயும் பெட் ஷாப்லயும் கிடைக்கும், அத வாங்கிக்கோங்க, விலை கூடத்தான், ஆனா ரெண்டு மூணு வாரத்துக்குத்தான் வேணும். குடுக்கும்போது குழந்தைய மடியில போடுற மாதிரி மல்லாக்கப் போட்டு குடுக்கவே கூடாது, பால் மூச்சுக்குழாய்ல எறங்கி நிமோனியா வந்துடும். தாய்கிட்ட எப்படி குடிக்குமோ அப்படி வயிறு தரையில படுற மாதிரி, தலை லேசா தூக்குன மாதிரி இருக்கணும். செம்பி நாலு வாரத்த நெருங்கிட்டதால தட்டுலயே நக்கி குடிக்க பழக்குனோம், அப்புறம் குட்டிகளுக்கான உலர் தீனிய அதே பால்ல ஊறவச்சு கூழாக்கி, கூடவே உப்பு போடாம வேகவச்ச கோழிக்கறிய மசிச்சு ஒரு நாளைக்கு அஞ்சு வேளையா பிரிச்சு குடுத்தோம். தினமும் காலையில சமையலறை தராசுல எடை போட்டு காலண்டர்ல எழுதி வச்சோம். எடை தினம் கொஞ்சமாவது ஏறணும், ஏறாம நின்னுச்சுன்னா வெளிய எதுவும் தெரியாட்டியும் உள்ள ஏதோ சரியில்லன்னு அர்த்தம்.

பூச்சி மருந்து ரெண்டு வார வயசுல இருந்தே குடுக்கணும், உருண்டைப்புழு தாய் வயித்துலயே குட்டிக்கு வந்துடும், பால் வழியாவும் வரும், அதனால ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மூணு மாசம் வரைக்கும் குடுக்கணும்னு டாக்டர் சொன்னாங்க, அளவு எடையப் பொறுத்தது, நம்மளா குடுக்கக் கூடாது. உடம்பு பூரா தெள்ளுப்பூச்சி இருந்துச்சு, ரத்தத்த உறிஞ்சியே சின்னக் குட்டிய சோகை ஆக்கிடும், ஆனா அந்த வயசுல டாக்டர் சொல்லாம உண்ணி ஸ்ப்ரே, பவுடர் எதையும் போடக் கூடாது. பேன் சீப்ப சோப்புத் தண்ணியில முக்கி முக்கி சீவி எடுத்தோம். குளிப்பாட்டல.

சரி, இப்ப கடிக்கு வர்றேன். இதுதான் பெரிய விஷயம்.

அஞ்சாவது வாரம் தாண்டுனதும் செம்பி கடிக்க ஆரம்பிச்சா. எல்லா குட்டியும் கடிக்கும்தான், ஆனா இது வேற மாதிரி, பிடிச்சா விடாது, முழு பலத்தோட கடிக்கும், வலிக்குதுன்னு கத்துனா இன்னும் வெறி ஏறி பாஞ்சு வரும். பால்பல்லு ஊசி மாதிரி கூர்மை வேற. என் பையனுக்கு ஆறு வயசு, அவன் சோபா மேல ஏறி நின்னுக்கிட்டு எறங்கவே மாட்டேன்னுட்டான். இது கோபக்கார குட்டி, திருப்பி விட்டுடுங்கன்னு பாத்தவங்க எல்லாம் சொன்னாங்க. அது கோபம் இல்லவே இல்ல. கூடப்பொறந்த குட்டி இருந்திருந்தா, இது ஓங்கி கடிச்ச உடனே அது கீச்சுனு கத்திட்டு விளையாட்ட விட்டு போயிடும், இல்லைன்னா திருப்பி ஒரு கடி குடுக்கும். ஒரு நாளைக்கு இப்படி எத்தனையோ தடவை நடந்து நடந்துதான் குட்டி தன் தாடையோட பலத்த தெரிஞ்சுக்கும். அதே நேரத்துல இன்னொண்ணும் நடக்கும், குட்டிக்கு பல்லு முளைச்சதும் பால் குடிக்கும்போது தாய்க்கு வலிக்கும், அது எந்திரிச்சு நின்னுக்கும், நடந்து போயிடும், சில நேரம் உறுமும். குட்டி பின்னாடியே ஓடும், கிடைக்காது, கத்தும், அப்புறம் அடங்கிடும். அந்த ‘இல்ல’ங்கிறத தாய்தான் முதல்ல கத்துக்குடுக்குது. செம்பிக்கு அத யாருமே சொல்லல. அது கேட்டப்பல்லாம் பால், அழுதப்பல்லாம் மடி. தாயில்லாத குட்டின்னு எல்லாரும் பாவப்பட்டு அள்ளி அள்ளி குடுத்தோம், அதுக்கு பாலும் சூடும் குடுத்துட்டு எந்திரிச்சு போற ஒரு தாயும் வேணும். என்னக் கேட்டா இந்த மாதிரி குட்டிய வளர்க்குறதுல பாதி வேலை இதுதான்.

நாங்க செஞ்சது இதுதான். கத்தறத நிறுத்துனோம், ஏன்னா கத்துனா செம்பிக்கு அது விளையாட்டு. பல்லு தோல்ல அழுத்துன அந்த நொடியே ஒரு வார்த்தையும் பேசாம எந்திரிச்சு, ஹாலுக்கு குறுக்க வச்சிருந்த தடுப்ப தாண்டி அந்தப் பக்கம் போயிடுவோம். அரை நிமிஷம். திரும்பி வந்து எதுவும் நடக்காத மாதிரி விளையாடுவோம். மறுபடி கடிச்சா மறுபடி போயிடுவோம். தள்ளி விடறது, மூக்குல தட்டுறது, வாயப் பிடிச்சு அமுக்குறது எதுவும் கிடையாது, கையால செய்யுற எல்லாமே குட்டிக்கு மல்யுத்தம்தான். முதல்ல ஓங்கி கடிச்சா மட்டும் எந்திரிச்சோம், அது குறைஞ்சதும் நடுத்தரமான கடிக்கும், அப்புறம் லேசா பல்லு பட்டாலும் எந்திரிச்சோம். இப்படி படிப்படியா கொண்டு போகணும், முதல் நாளே வாயே படக்கூடாதுன்னா அது தாடைய அடக்கவே கத்துக்காது, வாய மூடிக்க மட்டும்தான் பழகும், பின்னாடி என்னைக்காவது பயத்துல கடிச்சா முழு கடியா கடிச்சுடும். வீட்ல எல்லாரும் இதே மாதிரி செய்யணும், ஒருத்தர் மட்டும் கைய குடுத்து விளையாடுனா அத்தனையும் வீண். எங்க வீட்டுக்காரங்களுக்கு கைய ஆட்டி சண்டை போடுற விளையாட்டுதான் பிடிக்கும், அத நிறுத்தி கயித்து முடிச்ச இழுக்குற விளையாட்டுக்கு மாத்துனாங்க. கடிக்கறதுக்கு எப்பவும் ஏதாவது கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும், பழைய துணிய முடிச்சு போட்டு நனைச்சு ஃப்ரீசர்ல வச்சு குடுத்தா ஈறுக்கு இதமா இருக்கும், நாலு மாசத்துல பால்பல்லு விழும்போது இது ரொம்ப உதவுச்சு.

இன்னொண்ணு, குட்டி வெறி பிடிச்ச மாதிரி கடிக்கிற நேரத்த கவனிச்சு பாருங்க, பெரும்பாலும் அது தூக்கம் இல்லாத நேரம். அந்த வயசுல ஒரு நாளைக்கு 18 மணி நேரத்துக்கு மேல தூங்கணும். சாயங்காலம் பையன் ஸ்கூல் விட்டு வந்து, பக்கத்து வீட்டு பிள்ளைங்களும் வந்து ஆடுனா செம்பி ஏழு மணிக்கு பேயா ஆயிடுவா. தடுப்புக்குள்ள விட்டு ஃபேன போட்டு லைட்ட அணைச்சா அஞ்சு நிமிஷத்துல அசந்துடுவா.

ஆனா இதெல்லாம் நம்ம சொல்லிக்குடுக்குற அரைகுறை பாடம், நாய்க்கு நாய்தான் வாத்தியார். எதிர்வீட்டு சார் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், அவங்க வீட்ல மணின்னு ஒரு வயசான நாட்டுநாய், எல்லா தடுப்பூசியும் போட்டது, தெருவுல சுத்தாது. செம்பிக்கு முதல் ஊசி போட்டு ஒரு வாரம் கழிச்சு அவங்க வீட்டு முற்றத்துல கொண்டு போய் விட்டோம். செம்பி நேரா போய் மணி காதப் பிடிச்சு தொங்குனா. மணி முதல்ல முகத்த திருப்பிக்கிச்சு, அப்புறம் உதட்ட தூக்கி காட்டுச்சு, அப்பயும் விடல, ஒரே ஒரு உறுமல், வாயால குட்டிய தரையில அழுத்தி உடனே விட்டுடுச்சு. ஒரு கீறல் கூட இல்ல. செம்பி எந்திரிச்சு உடம்ப உதறிட்டு குனிஞ்சு போய் மணி வாய நக்குனா. எனக்கு அன்னைக்கு அழுகையே வந்துடுச்சு, ஏன்னா அது வரைக்கும் யாரு எது சொன்னாலும் அவளுக்கு புரிஞ்சதே இல்ல. அதுக்கப்புறம் தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் மணிகிட்ட விட்டோம், ஒரு மாசத்துல வீட்ல கடி பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு. உங்களுக்கு இப்படி பொறுமையான, ஊசி போட்ட பெரிய நாய் யார் வீட்லயாவது இருந்தா கேட்டு வாங்கி பழக விடுங்க. பெரிய நாய் உறுமுனா பதறி அத அதட்டாதீங்க, அந்த உறுமல்தான் பாடம். ஆனா குட்டிய துரத்தி துரத்தி அடிக்கிற நாய், குட்டி வாலச் சுருட்டி ஒளிஞ்ச பிறகும் விடாத நாய்னா அது வேண்டாம், பயம்தான் மிஞ்சும்.

கடி பத்தி பேசும்போது இத விட முடியாது. எங்கருந்து வந்துச்சுன்னு தெரியாத குட்டியோட பல்லு பட்டு தோல் கீறுனா, குட்டிதானேன்னு விடக் கூடாது. ரேபிஸ்ங்கிற வெறிநோய் குட்டிக்கும் வரும். ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு போயிடணும், அங்க ஊசி இலவசம், தோல்ல போடுற முறையில 0, 3, 7, 28வது நாள்னு நாலு தடவை. ரத்தம் வந்திருந்தா காயத்த சுத்தி போடுற இம்யூனோகுளோபுலின்ங்கிற எதிர்ப்பு மருந்தும் வேணுமான்னு டாக்டர் சொல்லுவாங்க. நான், பையன், வீட்டுக்காரங்க, அத்தைன்னு நாலு பேரும் போட்டுக்கிட்டோம். மஞ்சப்பொடி, சுண்ணாம்பு எதையும் காயத்துல வைக்காதீங்க.

அடுத்தது அழுகை. ராத்திரி பெட்டியில விட்டா தெருவே எந்திரிக்கிற மாதிரி ஊளை. அத்தைக்கு மனசு கேக்கல, “ஏட்டி, பச்சப்புள்ள மாரி அழுவுது, மடியில போட்டுக்கோ”ன்னு சொல்லுவாங்க. அந்த வயசுல தனியா விட்டு அழ அழ பழக்குறது தப்பு, கூட்டமா சூட்டுல படுத்த ஜீவன் அது. அதே நேரம் எப்பவும் மடியிலயே வச்சிருந்தா நம்ம பாத்ரூம் போனாகூட கத்தும். அதனால பெட்டிய என் கட்டிலுக்கு பக்கத்துலயே வச்சேன், அழுதா கைய மட்டும் உள்ள விட்டு தொடுவேன், தூக்க மாட்டேன். தூங்குனதும் கைய எடுத்துடுவேன். பெட்டிய வாரத்துக்கு கொஞ்சமா நகர்த்தி கதவு பக்கம், அப்புறம் ஹால்னு கொண்டு போனோம். பகல்ல, வயிறு நிறைஞ்சு தூக்கம் சொக்குற நேரமா பாத்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் பத்து செகண்ட் போயிட்டு வர்றது, அப்புறம் அரை நிமிஷம், அப்புறம் கொல்லைப்பக்கம் போய் துணி காயப்போட்டுட்டு வர்றதுன்னு கூட்டுனோம். அது அழ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி திரும்பி வந்துடணும், அதுதான் சூட்சுமம். போகும்போது கொஞ்சறதோ வரும்போது கொண்டாடுறதோ கிடையாது.

போர்வை, தலையணை முனை, அத்தை சேலை முந்தானை எது கிடைச்சாலும் வாயில வச்சு முன்னங்காலால பிசைஞ்சு பிசைஞ்சு சப்புவா. பால் மறக்கறதுக்கு முன்னாடி பிரிஞ்ச குட்டிங்க நிறைய இப்படி செய்யும். துணிய கடிச்சு முழுங்காத வரைக்கும் பயப்பட வேண்டாம், நூல் பிரியாத கெட்டித் துணி ஒண்ண மட்டும் அதுக்குன்னு குடுத்துட்டு மத்தத எட்டாம வச்சோம். தன் வாலயோ தொடையவோ, இல்ல இன்னொரு குட்டியோட உடம்பையோ சப்புனா மட்டும் நிறுத்தணும், புண்ணாயிடும்.

ஒண்ணுக்கு ரெண்டுக்கு பழக்கம் எல்லாருக்கும் தலைவலிதான், இவளுக்கு கூடுதல். தாய் நக்கி சுத்தம் பண்ணி வச்சிருக்குற இடத்துல பொறந்து, மூணு வாரத்துக்கு மேல தானா நடந்து படுக்கைய விட்டு தள்ளிப் போய் இருக்கக் கத்துக்குது குட்டி. அழுக்கு அட்டைப்பெட்டியில கிடந்த குட்டிக்கு படுக்கிற இடமும் போற இடமும் ஒண்ணுதான். அதனால பெட்டிய ஒரு நாளும் ஈரமா விடாம துணிய மாத்திக்கிட்டே இருந்தோம், சுத்தமா இருந்தாத்தான் அசுத்தம் பிடிக்காம போகும். தூங்கி எந்திரிச்சதும், தின்னு முடிச்சதும், விளையாட்டு நடுவுலயும் தூக்கிட்டு போய் முருங்கை மரத்தடியில மண்ணுல விட்டு பேசாம நிப்போம், போனதும் அங்கயே கோழித்துண்டு ஒண்ணு. வீட்டுக்குள்ள வந்து குடுத்தா எதுக்குன்னு அதுக்கு தெரியாது, ரெண்டு செகண்டுக்குள்ள கிடைச்சாத்தான் முடிச்சு விழும். உள்ள போயிட்டா ஒண்ணும் சொல்லாம துடைக்கணும். மூக்கப் பிடிச்சு அதுல தேய்க்கிறது பெரிய கொடுமை, அதுக்கப்புறம் அது நமக்கு தெரியாம சோபாவுக்கு பின்னாடி போகத்தான் கத்துக்கும்.

வெளி உலகத்த காட்டுறதுல ஒரு இக்கட்டு இருக்கு. அமெரிக்காவுல மெய்ன் மாநிலம் பார் ஹார்பர்ல ஸ்காட், ஃபுல்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கா குட்டிகள வளர்த்துப் பாத்து 1965ல எழுதுனாங்க, மூணாவது வாரத்துல இருந்து பன்னெண்டாவது வாரம் வரைக்கும்தான் ஒரு குட்டி புதுசு எதையும் பயமில்லாம ஏத்துக்கிற காலம்னு. அதே காலத்துலதான் பார்வோங்கிற வைரஸ் நோய் வந்து குட்டிங்க கொத்து கொத்தா சாகுது. சீம்பால் வழியா வர்ற பாதுகாப்பு சில குட்டிக்கு ஆறு வாரத்துல போயிடும், சிலதுக்கு பதினாறு வாரம் வரைக்கும் இருந்து ஊசிய வேலை செய்ய விடாது, அதனாலதான் 6-8 வாரத்துல ஆரம்பிச்சு 3-4 வாரத்துக்கு ஒரு தடவைன்னு 16 வாரம் வரைக்கும் திரும்ப திரும்ப போடுறாங்க, ரேபிஸ் ஊசி மூணு மாசத்துல. ஒரு ஊசி போட்டாச்சு போதும்னு விட்டுட்டு குட்டிய பறிகொடுத்தவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்கா கிடக்கும், ஃபினாயிலுக்கு சாகாது, ப்ளீச் வேணும், செருப்புல ஒட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளயும் வரும். அதனால எங்க கேட்டுக்கு வெளிய செருப்ப கழட்ட சொன்னோம். செம்பிய தரையில விடாம தோள்ல தூக்கிட்டு போய்தான் எல்லாத்தையும் காட்டுனேன், பஸ் ஹாரன், மாவு மில் சத்தம், குடை பிடிச்ச ஆளு, ஹெல்மெட் போட்ட ஆளு, ஸ்கூல் விடுற நேரத்து கூட்டம், கோயில் கொட்டு. தூரத்துல இருந்து ஆரம்பிக்கணும், அது தின்ன மறுத்தா ரொம்ப கிட்ட போயிட்டோம்னு அர்த்தம், நாலடி பின்னாடி வந்துடணும். பட்டாசு சத்தத்த போன்ல ரொம்ப மெதுவா வச்சு சோறு திங்கும்போது கேக்க விட்டேன், வாரம் போகப் போக கூட்டுனேன். அடுத்த தீபாவளிக்கு கட்டிலுக்கு அடியில போய் படுத்தாளே தவிர நடுங்கல, சுவத்த பிராண்டல, எனக்கு அதுவே பெரிய விஷயம்.

சோத்துத் தட்டு கிட்ட போனா விறைச்சுக்கிட்டு வேகமா முழுங்குறது மூணு மாசத்துல ஆரம்பிச்சுது. சிலர் தட்ட பிடுங்கிப் பிடுங்கி குடுத்து பழக்கு, யாரு முதலாளின்னு தெரியணும்னு சொல்லுவாங்க, அது எரியுற தீயில எண்ணெய ஊத்துறது. நாங்க எதிர்மாறா செஞ்சோம், தின்னுக்கிட்டு இருக்கும்போது ஆள் கிட்ட வந்தா தட்டுல இருக்குறத விட நல்லது ஒண்ணு விழும், முட்டைத்துண்டு, ஈரல். போட்டுட்டு போயிடுவோம். ஆள் வந்தா லாபம்னு அதுக்கு புரிஞ்சதும் விறைப்பு போயிடுச்சு. வாயில எடுத்த பொருளயும் பிடுங்காம, இன்னொண்ண காட்டி மாத்திக்குவோம். பையனுக்கு மட்டும் கறாரா ஒரு சட்டம், நாய் திங்கும்போதும் தூங்கும்போதும் கிட்ட போகக் கூடாது.

காவலுக்கு கோபமா வளரணும்னா சின்னதுலயே சங்கிலி போட்டு கட்டு, யாரையும் பாக்க விடாதன்னு எங்க மாமா ஒருத்தர் சொன்னாரு. நான் அவரு முகத்துக்கு நேராவே வேண்டாம் மாமான்னுட்டேன். சீக்கிரம் பிரிஞ்ச குட்டிக்கு ஏற்கனவே பயம் ஜாஸ்தி, அத கட்டி தனியா போட்டா வர்றது காவல் இல்ல, பயத்துல யார வேணா கடிக்கிற நாய், தபால்காரர், கேஸ் போடுற தம்பி, கடைசில வீட்டுப் பிள்ளைய. அப்புறம் அந்த நாயையே குத்தம் சொல்லி எங்கயோ கொண்டு போய் விடுவாங்க. பேப்பர சுருட்டி அடிக்கிறதும் அதே வகைதான், ஒரு நாளும் அடிக்காம வளர்க்க முடியும், செம்பி எதிர்ல நிக்கிறா.

உங்க தெரிஞ்சவங்க வீட்ல நாய் குட்டி போட்டு 30 நாள்ல எடுத்துட்டு போன்னு சொன்னா, இன்னும் ஒரு மாசம் வச்சிருங்க, தாய்க்கும் குட்டிக்கும் தீனிச் செலவ நான் தர்றேன்னு சொல்லிப் பாருங்க. பெரும்பாலும் தீனிக்கும் சுத்தம் பண்றதுக்கும் சடைஞ்சுக்கிட்டுத்தான் சீக்கிரம் தள்ளி விடுறாங்க. நடுவுல வாரம் ஒரு தடவை போய் குட்டிய தூக்கி பழகிட்டு வாங்க, ஒட்டுறதுக்கு அது போதும், எட்டு வாரத்துல வந்த குட்டியும் நல்லாத்தான் ஒட்டும்.

செம்பிக்கு இப்ப ஒரு வயசு தாண்டிருச்சு, கருத்தடை ஆபரேஷனும் பண்ணியாச்சு. கடி சுத்தமா இல்ல, பிஸ்கட்ட பையன் விரல்ல இருந்து உதட்டாலதான் வாங்குறா. இன்னும் சரியாகாதது ரெண்டு இருக்கு. புது நாயப் பாத்தா மரியாதையா சுத்தி வந்து மோந்து பாக்கத் தெரியாம நேரா மூஞ்சில போய் விழுறா, அதனால நீளக் கயித்துல வச்சு தள்ளி நிறுத்தி, அந்த நாயப் பாத்துட்டு என்னை திரும்பிப் பாத்தா ஒரு துண்டுன்னு பழக்கிட்டு இருக்கேன். வீட்ல தனியா மூணு மணி நேரம் வரைக்கும் இருக்கா, அதுக்கு மேல போனா அத்தை சேலைய இழுத்து போட்டு சப்ப ஆரம்பிச்சுடுறா, அதனால அதுக்கு மேல வெளிய போற வேலை இருந்தா எதிர்வீட்டு சார்கிட்ட சொல்லி மணி கூட விட்டுட்டு போறோம்.